அக்கா பிடி

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

"டீச்சர், மத்தவங்க கையப் பிடிச்சா உருவிக்க முடியுது. நீங்க பிடிச்சா மட்டும் ஏன் முடியல?"

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஒன்றாம் வகுப்பில், முன்பல் இரண்டும் விழுந்த ஒரு வாண்டு என்னிடம் இப்படிக் கேட்டது. "அது டீச்சரோட ரகசியம்டா" என்றேன். வகுப்பே சிரித்தது. உன் புத்தாண்டுக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஏனோ அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது.

நான் எழுத்து சொல்லிக்கொடுக்கும் விதம் உனக்குத் தெரியும். பிள்ளைக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, அதன் மணிக்கட்டை மேலிருந்து மேஜையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். கை முழுக்க ஆடினால் எழுத்தும் ஆடும். மணிக்கட்டு நின்றுவிட்டால் விரல் மட்டும் நடக்கும். முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கும் கையெழுத்து மோசம் கிடையாது. முதல் மாணவன் நம் தம்பிதான். எனக்கு இருபத்தொன்று, அவனுக்கு ஆறு, எதிரில் நீ பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இன்றைக்கும் அவன் ஒரு கடிதம் எழுதினால் முத்து முத்தாக இருக்கிறது பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி கையைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறான், மணிக்கட்டில் நீலம் பாரித்துவிட்டது, அதனால் சிடி போட்டுப் பார்த்துத் தற்காப்பு கற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். ஐம்பத்தொரு வயசில்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பெண்டாட்டி விட்டுப் போனதிலிருந்து அவன் மனசு சரியில்லை. என்னோடு ஒரு வருஷம் இருந்தபோது நானும் பார்த்தேன். கொஞ்சம் முரடு, அவ்வளவுதான். உனக்கும் துணையாக இருக்கும் என்றுதானே போன ஜூனில் அவனை உன்னிடம் அனுப்பினேன்?

என் விரல்களை விசாரித்திருந்தாய். போன மே மாதம் மாடிப்படியில் விழுந்தபோது அடிபட்ட இரண்டில் ஒன்று நன்றாகிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் மடங்குவதில்லை. அதனால் என்ன, இந்த வயசில் சுண்டுவிரலை வைத்து வீணையா வாசிக்கப் போகிறேன்?

அன்புடன்,
அக்கா


ஜனவரி 25

அக்கா,

நீ சிரித்தாய். சரி. இப்போது சிரிக்காமல் படி.

அவன் அடிப்பதில்லை. அடித்தால் தடம் தெரியும், நாலு பேர் கேட்பார்கள். அவன் பிடிப்பான். சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் தட்டில் கை வைத்திருக்கும்போதே மணிக்கட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகப் பேசுவான். "சொல்லு, எவ்வளவு நேரமானாலும் பரவால்ல. பஸ் லேட்டா, நீ லேட்டா?" பதில் சொன்னாலும் விடமாட்டான். பதிலில் குறை கண்டுபிடிப்பான். ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது நிமிஷம். அப்புறம் அவனே எழுந்துபோய் வெந்நீர் வைத்து, துணியில் நனைத்து ஒத்தடம் கொடுப்பான். டீ போட்டுத் தருவான். நல்ல டீ.

என் வேலை உனக்குத் தெரியாதது இல்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் பல் செதுக்குகிறேன். கடைவாய்ப் பல் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஒரு பல்லில் நாலு மேடு, நடுவில் ஒரு குழி, மயிரிழை தப்பினாலும் அந்த ஆள் ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே மெல்லுவான். போன வாரம் கத்தி என் கையில் நடுங்கியது. முதலாளி பார்த்துவிட்டார். இந்தக் கை போனால் நான் அவன் கையை எதிர்பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அவனுக்கு வேண்டியதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிடி கொடுத்தவர் எங்கள் பல் செய்யும் கூடத்தில் அச்சுக்குப் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றுபவர். முழங்கை வரைக்கும் எப்போதும் வெள்ளையாக இருப்பார், எல்லோருக்கும் அவர் மாவு அண்ணன். அவர் மகள் வாங்கி, இரண்டு நாள் பார்த்துவிட்டு மூலையில் போட்டதாம். மொத்தம் ஆறு சிடி. மொட்டைத்தலை மாஸ்டர் ஒருவர் சொல்லித்தருகிறார். வேற்று மொழிப் படத்துக்கு யாரோ புலவர் தமிழில் குரல் கொடுத்திருக்கிறார். "நண்பா! எதிரி உன் மணிக்கட்டைப் பற்றிவிட்டானா? அஞ்சாதே!" அந்த எதிரி இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறான், மாஸ்டர் கூப்பிட்டால்தான் வருகிறான், விடு என்றால் விடுகிறான். நம் வீட்டு எதிரி பனியனோடு சோபாவில் படுத்திருக்கிறது. அது சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை நடக்கப் போகும். அந்த ஒரு மணி நேரம்தான் என் பள்ளிக்கூடம்.

போனில் பேசலாம் என்றால் போன் அவன் தலைமாட்டில் இருக்கிறது. நீ எழுதுவதைக் கூடத்து விலாசத்துக்கே எழுது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவனை நீ திரும்பக் கூப்பிட்டுக்கொள். நீ கூப்பிட்டால் வருவான்.

சின்னவள்


பிப்ரவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவனை இங்கே கூப்பிட முடியாது. ஒற்றைப் படுக்கையறை, எனக்கு ரத்த அழுத்தம், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் ஆகாது. அவனும் இப்போதுதான் ஓர் இடத்தில் நிலைத்திருக்கிறான். பந்தாடுகிற மாதிரி அங்கேயும் இங்கேயும் அனுப்பினால் இன்னும் கெட்டுப்போவான். நீயும் கொஞ்சம் வாயைக் குறைத்துக்கொள். உனக்குப் பதில் சொல்லத் தெரிந்த அளவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, சின்ன வயசிலிருந்தே.

ஆனால் படிக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் என்னால் பேசாமல் இருக்க முடியாது. படிப்பதை ஒழுங்காகப் படி.

முதலாவது, மாஸ்டர் உன்னைப் பார்த்து நிற்கிறாரா, உனக்கு முதுகு காட்டி நிற்கிறாரா? இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பள்ளியில் புதிதாக வந்த டிரில் மாஸ்டர், பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு "வலது கை" என்று வலது கையைத் தூக்கினார். நானூறு பிள்ளைகளில் பாதி வலது, பாதி இடது. இடது தூக்கியவர்கள், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அவர் எந்தப் பக்கம் தூக்குகிறாரோ அந்தப் பக்கமே தூக்கிவிட்டார்கள். மூன்று நாள் தொண்டை கிழியக் கத்திவிட்டு, நாலாம் நாள் மனுஷன் திரும்பி நின்றார். பிரச்சினை தீர்ந்தது. நீயும் ஒரு சிவப்பு நூலை வலது கையில் கட்டிக்கொள். மாஸ்டருடைய வலது கை எது என்று பார்த்த பிறகு செய்.

இரண்டாவது, வாரத்துக்கு ஒரு பாடம் போதும். உட்கார்ந்து பார்ப்பது படிப்பு ஆகாது. நீச்சல் புத்தகத்தை மனப்பாடம் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். குளத்தைப் பார்த்தாலே அவருக்கு மயக்கம் வரும். யாரையாவது பிடிக்கச் சொல்லி எழுந்து நின்று செய். முதல் வாரம் அவர் மெதுவாகப் பிடிக்கட்டும். அடுத்த வாரம் கொஞ்சம் இரக்கம் இல்லாமல்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

வாயைக் குறைக்கச் சொன்னாய். குறைத்துப் பார்த்தேன். "என்ன, மௌன விரதமா?" என்று அதற்கும் பிடித்தான். ஆகவே அந்தப் பாடத்தில் நீ தவறிவிட்டாய்.

மற்றதில் தேறிவிட்டாய். சிவப்பு நூல் நல்ல யோசனை. இத்தனை நாளாக நான் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாவது சிடியில் மூன்றாம் பாடம்தான் எனக்கு வேண்டியது. மாஸ்டர் எதிரியின் கையைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டுகிறார். "நான்கு விரல்களும் சுவர், நண்பா! கட்டை விரலே கதவு!" எவ்வளவு பெரிய பலசாலி பிடித்தாலும் கட்டை விரலும் மற்ற விரல்களும் சேரும் இடத்தில் ஒரு சந்து இருக்கிறதாம். கையைப் பின்னால் இழுக்காமல் அந்தச் சந்தின் பக்கம் வெடுக்கென்று திருகினால் வந்துவிடும்.

வருகிறது, அக்கா! மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அச்சு அறையில் மாவு அண்ணனைப் பிடிக்கச் சொன்னேன். முதலில் மனுஷன் முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். "பிடிங்கண்ணே, உங்க சம்பள உயர்வ நான்தான் தடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு பிடிங்க" என்றேன். "அது நீயா?" என்று கேட்டுவிட்டுப் பிடித்தார் பார், எலும்பு நசுங்குகிற மாதிரி. அப்படியும் பத்துக்குப் பத்து. கடைசியில் இரண்டு கையாலும் பிடித்தார். அதுவும் வந்துவிட்டது. என் கையெல்லாம் மாவு. கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்குச் செதுக்கிய பல்லில் ஒரு குறை இல்லை.

வீட்டில் இன்னும் முயற்சி செய்யவில்லை. ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அது தவறக் கூடாது. அவன் பிடிக்கிற விதம் கொஞ்சம் வேறு மாதிரி இருப்பதாகத் தோன்றுகிறது. எப்படி வேறு என்று சொல்லத் தெரியவில்லை. அவன் பிடித்தால் நான் கண்ணை மூடிக்கொண்டுவிடுகிறேன்.

நீ ஆயிரம் பிள்ளைகளின் கையைப் பிடித்தவள். இதில் நான் கவனிக்காத ஏதாவது இருந்தால் சொல். மாஸ்டரைவிட உன்னைத்தான் நம்புகிறேன்.

சின்னவள்


மார்ச் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

பத்துக்குப் பத்து என்று படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. நீ சின்ன வயசில் கணக்கில் வாங்காததை இப்போது வாங்கிவிட்டாய்.

இங்கே மழை. ஜன்னல் கதவு உப்பிக்கொண்டு மூட வரவில்லை. தச்சர் வந்து இழைத்துவிட்டுப் போனார். கீழ் வீட்டில் இருந்தால் ஈரம் எல்லாம் நம் வீட்டுக்குத்தான் வரும். ஆனாலும் என் முழங்காலுக்குக் கீழ் வீடு வசதி.

கவனிக்காதது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாய். நன்றாகவே செய்கிறாய். மாவு அண்ணனை வேறு வேறு மாதிரியும் பிடிக்கச் சொல்லிப் பார், அவ்வளவுதான். பரீட்சையில் புத்தகத்தில் இருக்கிற கணக்கே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது இல்லையா? ஒரு வருஷம் எண்களை மட்டும் மாற்றிக் கேட்டிருந்தேன், முக்கால்வாசிப் பிள்ளைகள் புத்தகத்தில் இருந்த விடையையே எழுதி வைத்திருந்தார்கள்.

அவனிடம் முயற்சி செய்ய அவசரப்படாதே. கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 21

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். சிடியைப் பிளேயரிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். என் தப்புதான். நேற்று அவன் டிவியைப் போட்டதும் மொட்டை மாஸ்டர் வந்து நின்று "நண்பா!" என்றார்.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஆறு சிடியையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தான். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். விழுந்து விழுந்து சிரித்தான். அன்று முழுக்க என்னை நண்பா என்றுதான் கூப்பிட்டான். "நண்பா, உப்பு. நண்பா, தண்ணி." இன்று காலையில் செருப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றான்.

"தனியா பாத்து கத்துக்க முடியாதுக்கா. பார்ட்னர் வேணும். வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழம ஒனக்கு லீவுதான? நான்தான் எதிரி. ரிமோட் எங்கிட்ட."

"வேணாம்டா, சும்மா பொழுதுபோக்குக்குப் பாத்தேன்" என்றேன்.

"பயப்படாத. மொட்டை எல்லாப் பிடியும் காட்டிட்டான். அக்கா பிடி மட்டும்தான் காட்டல."

சொல்லிவிட்டு என் கைப்பையை எடுத்துக் கொடுத்தான். மணிக்கட்டைப் பார்த்தான். தொடவில்லை.

அக்கா பிடி என்றால் என்ன? நான் அவனை ஒருநாளும் பிடித்ததில்லை, ஆகவே அக்கா என்றது உன்னை. இன்றைக்கு மாவு அண்ணனிடம் கேட்டேன், மாஸ்டரின் ஆறு சிடியையும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மாவு அண்ணன் போலீசுக்குப் போகலாம் என்கிறார். ஸ்டேஷனில் போய் என்ன சொல்வது, என் தம்பி என் கையைப் பிடித்தான் என்றா? வீட்டை விட்டு வந்துவிடு, எங்களோடு இரு என்கிறார் அவர் மனைவி. இருபது வருஷம் குனிந்து பல் செதுக்கி வாங்கிய வீடு. நான் ஏன் போக வேண்டும்?

ஞாயிறு என்று அவன் சொன்னது முப்பத்தொன்றாம் தேதி. இந்தக் கடிதம் உனக்கு இருபத்தைந்துக்குள் கிடைக்கும். உன் பதில் சனிக்கிழமைக்குள் எனக்கு வேண்டும்.

சின்னவள்


மார்ச் 26

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் நேற்றே கிடைத்தது. பதறாதே.

அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எல்லாவற்றுக்கும் ஏதாவது பெயர் வைப்பான். அதுவும் அப்படி ஏதோ ஒன்றாக இருக்கும். எனக்கு ஞாபகம் இல்லை.

நான் சொல்வதைக் கேள். அந்த சிடிகளைத் திருப்பிக் கொடுத்துவிடு. அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு. உன் மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்பது வேறு. வகுப்பில் ஒரு பிள்ளை கோபமாக இருக்கும்போது நான் அதனிடம் சரி தவறு பேசமாட்டேன். முதலில் தணியட்டும் என்று விடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிடித்ததாக ஏதாவது சமைத்துப் போடு.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல். நீ பக்கத்தில் இருந்தால் பிடித்துத் திருத்தியிருப்பாய்.

சமைத்தேன். மன்னிப்பும் கேட்டேன். "எதுக்கு?" என்றான். சாப்பிட்டான். கை கழுவினான். சிடி போட்டான்.

மூன்றாம் பாடம். எழுந்து நிற்கச் சொன்னான். மாஸ்டர் காட்டுகிற மாதிரியே பிடித்தான். திருகினேன், வந்தது. கை தட்டினான். "சூப்பர் நண்பா! இன்னொரு தடவ." மூன்று தடவை பிடித்தான், மூன்று தடவையும் வந்தது. நாலாவது தடவை நான் சிரித்துவிட்டேன், அக்கா. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. தீர்ந்தது, இவன் விளையாடத்தான் நினைத்தான் என்று தோன்றியது.

டிவியை அப்படியே நிறுத்தினான். சாப்பாட்டு மேஜையில் என்னை உட்காரவைத்தான். ஒரு தாள் வைத்தான். பென்சில் கொடுத்தான். எனக்கு வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அ எழுது."

"என்னடா இது?"

"எழுதுக்கா. மணிக்கட்டு ஆடக் கூடாது. வெரல் மட்டும் நடக்கணும்."

எழுதினேன். பிடித்தான். அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணை மூடாமல் பார்த்தேன். கட்டை விரல் கீழே வரவில்லை. மற்ற நாலோடு சேர்ந்து மேலேயே இருந்தது. அஞ்சு விரலும் ஒரே பக்கமாக மணிக்கட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் கொக்கி மாதிரி இறங்கியிருந்தன. கதவே இல்லை.

"வா நண்பா, வெளிய வா."

கதவு இருக்க வேண்டிய இடத்தில் திருகினேன். அவன் எழுந்து நின்று தன் எடை முழுவதையும் கையில் வைத்தான். நான் இன்னும் பலமாகத் திருகினேன். மாஸ்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார், தயங்காதே என்று. அச்சிலிருந்து மாவை உடைத்து எடுக்கும்போது ஒரு சத்தம் வரும். என் மணிக்கட்டிலிருந்து வந்தது அந்தச் சத்தம்தான்.

அதற்கப்புறமும் விடவில்லை. காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னான். "அவ பிடிச்சிருப்பா, நான் அழுவேன், நீ பென்சில் சீவிக்கிட்டே சிரிப்ப. ஞாபகம் இருக்கா? இப்ப சிரி."

ஆமாம், சிரித்தேன். எனக்குப் பதினோரு வயசு. சிரிக்காவிட்டால் அடுத்தது என் கை என்று எனக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

"நான் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். நீதான் திருகின" என்றான். வெந்நீர் வைத்தான். ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிப்போனான். கேட்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொன்னான்.

"மாடிப்படியில விழுந்துட்டாங்க, டாக்டர்."

எங்கள் வீட்டில் மாடியே இல்லை.

டாக்டருக்கு அது தெரியாது. எனக்கு அங்கேயே, அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே, உன் கடிதம் ஞாபகம் வந்தது. போன மே. மாடிப்படி. நீ இருப்பதும் கீழ் வீடு. ஜூனில் அவனை என்னிடம் அனுப்பினாய். எனக்குத் துணைக்கு என்று.

நாலு ஆணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். எலும்பு சேரும், பழைய நுணுக்கம் வராது என்றார் டாக்டர். என் மேஜையில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மாவு கலக்க மட்டும் முதலாளி என்னை வரச் சொல்லியிருக்கிறார். இனி கூடத்தில் இரண்டு மாவு அண்ணன்.

அவன் எனக்கு ஊட்டிவிடுகிறான். தலை வாரிவிடுகிறான். நேற்று என் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தடவிக் கொடுத்தான். "இது நல்லா இருக்கில்ல?" என்று கேட்டான்.

இரண்டில் ஒன்று செய். அவனைக் கூப்பிட்டுக்கொள். இல்லையென்றால் அந்தப் பிடியிலிருந்து எப்படி வெளியே வருவது என்று சொல். நீ உண்டாக்கியது, உனக்குத் தெரியாமல் இருக்காது. வேறு எதுவும் எழுதாதே. உதாரணம் வேண்டாம்.


ஏப்ரல் 22

சின்னவளே,

முதலாவது என்னால் முடியாது. அவன் வந்து நின்றால் என்னால் கதவைத் திறக்க முடியாது. பயமாக இருக்கிறது. ரத்த அழுத்தம், ஒற்றை அறை என்று நான் எழுதியதெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான்.

நான் மாடிப்படியில் விழவில்லை. அவனை யாராவது ஏற்றுக்கொண்டால் போதும் என்று இருந்தது. உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. அனுப்பிவிட்டு, அன்று கதவைப் பூட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் நீ கேட்டது இருந்தது. உன் மாஸ்டர் சொன்ன கதவைத் தம்பி ஆறு வயசிலேயே கண்டுபிடித்துவிட்டான். கட்டை விரல் பக்கமாகக் கையை உருவிக்கொண்டு நாலு நாள் ஓடினான். ஐந்தாம் நாள் நான் கட்டை விரலை எடுத்து மற்ற விரல்களோடு சேர்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவன் ஓடவில்லை. அந்தப் பிடியை முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் வைத்திருந்தேன். வலித்ததா என்று ஒரு பிள்ளையைக்கூட நான் கேட்டதில்லை. இதை எழுதினால் என்னைப் பற்றி எழுத வேண்டும். என் விரல்களைப் பற்றியும் எழுத வேண்டும். கிழித்துவிட்டு, ஜன்னல் கதவைப் பற்றி எழுதினேன். இருபத்தாறாம் தேதிக் கடிதத்தை ஒரே முறையில் எழுதி முடித்தேன். அதற்குள் பழகிவிட்டது.

இரண்டாவதைச் சொல்கிறேன்.

அந்தப் பிடிக்கும் கதவு உண்டு. அது பிடிக்கிறவர் பக்கம் இருக்கிறது. விரல் எல்லாம் உனக்கு அந்தப் பக்கம் போய்க் கொக்கி போட்டுவிடுவதால், இந்தப் பக்கம் அவர் உள்ளங்கையின் அடியைத் தவிர தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. என்னிடம் மாட்டிய பிள்ளைகள் எல்லாம் என்னை விட்டு விலகித்தான் இழுத்தார்கள், நேராகக் கொக்கிக்குள். பயம் தருகிறவரின் பக்கம் போகலாம் என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. அதனால்தான் யாராலும் கையை எடுக்க முடியவில்லை. போன மே மாதம் அவன் என்னைப் பிடித்தபோது, இதைக் கண்டுபிடித்த நானும் விலகித்தான் இழுத்தேன்.

நாளைக்கு மதியம் மாவு அண்ணனை உன் இடப்பக்கம் உட்காரச் சொல். இடது மணிக்கட்டை மேலிருந்து மேஜையோடு அமுக்கி, கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்துவைத்துப் பிடிக்கச் சொல். கண்ணைத் திறந்து வைத்துக்கொள். கையை இழுக்காதே, திருகாதே. தோளோடு சாய்ந்து, அவர் பக்கமே தள்ளு.